ஏழாம் நம்பர் ரைபிளுக்குப் பூஜை

786

பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி,
23-10-1964, வெள்ளிக்கிழமை.

அன்பு நண்பன் சௌரிராஜனுக்கு அப்துல் சலாம் எழுதிக்கொண்டது.

இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். டில்லியில் குளிர் ஆரம்பித்திருக்கும், உன் மூச்சிரைப்புக்குக் கழுத்தில் மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதே என்று ஷரபுன்னிசா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். இனி இந்தக் கடிதத்தில் இனிப்பாக எதையும் எதிர்பார்க்காதே. பத்தொன்பதாம் தேதியிட்ட உன் கடிதம் நேற்று வந்தது. கல்லூரியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் ஏறியது.

"இரண்டு வரி மன்னிப்புதானே, எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார். பெரிய இடத்தோடு நமக்கு என்ன வம்பு?" என்று எழுதியிருக்கிறாய். எட்டு வருஷம் என்னோடு என்.சி.சி. அதிகாரியாக இருந்து, வெயிலில் குப்புறப் படுத்து, நம் கல்லூரிப் பையன்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் எழுதுகிற வரியா இது? உன் கையெழுத்துதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன்னுடையதுதான், அந்தக் கோழிக் கிறுக்கல் வேறு யாருக்கும் வராது.

வருகிற முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கல்லூரி நிர்வாகக் குழுவின் விசாரணை. அதற்குள் நான் மன்னிப்புக் கடிதம் கொடுக்காவிட்டால் என்னை என்.சி.சி. பொறுப்பிலிருந்து எடுக்கச் சொல்லி மேலே எழுதுவார்களாம். துப்பாக்கிப் பயிற்சியையும் மூடிவிடுவார்களாம், பையன்களுக்கு வெறும் பரேடு போதுமாம். டிசம்பரில் சென்னையில் நடக்கும் போட்டிக்கு ஆறு பேரைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் நான் எழுதிய கார்டில் அவசரத்தில் பாதியைத்தான் எழுதியிருந்தேன். சிலவற்றை வேண்டுமென்றே விட்டேன். இப்போது முழுக்கச் சொல்கிறேன், பிறகு நீயே சொல், நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று.

நம் காலத்தில் ஆயுத பூஜை எப்படி நடக்கும்? நீ மறந்திருக்க மாட்டாய். பன்னிரண்டு ரைபிள்களையும் ட்ரில் ஷெட்டில் வெள்ளை வேட்டி விரித்து வைப்போம். சந்தனக் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் போல்ட்டையும் நீ திறப்பாய், உள்ளே தோட்டா இல்லை என்று நீயும் பார்ப்பாய், நானும் பார்ப்பேன். திறந்த போல்ட் திறந்தபடியே இருக்கும், அப்படியேதான் கற்பூரம் காட்டுவாய். நம் ஆயுத அறைப் பியூன் பிச்சமுத்துவைப் பார்த்து, "கட்டையில மட்டும் பூசுப்பா, இரும்புல பூசாதே, துரு ஏறும்" என்று கத்துவாய். முடிந்ததும் முதல் பொட்டலம் பொரியை என் கையில்தான் கொடுப்பாய். எட்டு வருஷமும் அப்படித்தான் நடந்தது, நீ போன பிறகும் அதை நான் மாற்றவில்லை.

இந்த வருஷம் நம் கல்லூரி நிர்வாகக் குழுவுக்குப் புதிய செயலாளர் வந்திருக்கிறார். பூஜையைப் பெரிதாகச் செய்ய வேண்டும், பத்திரிகைக்காரர் வருகிறார் என்றார். நல்லது, செய்யட்டும். அன்றைக்குக் காலையில் என்னைக் கூப்பிட்டு, சென்னையிலிருந்து தம் மைத்துனர் வருகிறார், யூனிபாரம் போட்ட அதிகாரி ஒருவர் ஜங்ஷனுக்குப் போய் அழைத்துவந்தால் மரியாதையாக இருக்கும் என்றார். நான் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவன், தேசத்தின் யூனிபாரம் போட்டவன். அவர் மைத்துனரின் பெட்டியைத் தூக்க அந்த யூனிபாரம்! ஆயுத அறைச் சாவியைப் பிச்சமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி சீட்டு வேறு எழுதிக் கொடுத்தார். அதிகாரி இல்லாமல் அந்த அறையைத் திறக்கக்கூடாது என்றேன். பூஜை நேரம் தவறினால் நீங்கள் பொறுப்பா என்று கேட்டார். கொடுத்தேன். அது என் முதல் தப்பு. பிச்சமுத்துவிடம் மட்டும், போல்ட்டெல்லாம் திறந்தே இருக்க வேண்டும், நான் வரும்வரை யாரையும் தொட விடாதே என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். நான் திரும்பி வரும்போது கற்பூரம் காட்டி முடிந்துவிட்டது. ரைபிள்களுக்குச் சாமந்தி மாலை, இரும்பெல்லாம் சந்தனம், குங்குமம். பன்னிரண்டு போல்ட்டும் மூடிக் கிடந்தன. பிச்சமுத்து ஓடிவந்து, "நான் தொறந்துதாங்க வச்சேன். படம் எடுக்கிறவர், வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது, பார்க்க நல்லா இல்லைன்னாருங்க. செயலாளர் ஐயா பசங்களை விட்டு மூடச் சொல்லிட்டாருங்க" என்றான். நான் உடனே கையை நீட்டினேன். பிச்சமுத்து பதறிப்போய், "பூஜை போட்டாச்சுங்க. நாளைக்கு மறுபூஜை முடியற வரைக்கும் தொடக்கூடாதுங்களே" என்றான்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன், சௌரி. பூஜையில் வைத்ததை இவன் ஏன் தொட்டான் என்று யாராவது நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம். எட்டு வருஷம் இல்லாத கூச்சம் அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ. இந்த விஷயத்தில் எனக்கு என் மேல் இருக்கிற கோபம் அவர்கள் மேல் இருப்பதைவிடக் குறைவில்லை. கூட்டம் கலையட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக நின்றேன்.

அப்போதுதான் செயலாளர் படத்துக்காக மேஜையிலிருந்து ஒரு ரைபிளை எடுத்தார். அவர் எடுக்கலாம் போலிருக்கிறது, அவருக்கு மறுபூஜை தேவையில்லை! கழுத்தில் மாலையோடு ரைபிளைத் தோளில் ஏற்றி, எதிரே வரிசையாக நின்ற கேடட்டுகளைப் பார்த்து நீட்டினார். படம் எடுக்கிறவர், "இன்னும் கொஞ்சம் தலையைச் சாய்ங்க சார்" என்கிறார். செயலாளர் சிரித்துக்கொண்டே விசைக்குள் விரலை நுழைக்கிறார். பையன்களும் சிரிக்கிறார்கள்.

நான் ஓடினேன். குழலைக் கூரையைப் பார்க்கத் தள்ளி, அவர் கையிலிருந்து ரைபிளைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். அவர்கள் எனக்குக் கொடுத்த மெமோவில் எழுதியிருக்கிற அந்த ஒரு வார்த்தை உண்மை. போல்ட்டை இழுத்துத் திறந்தேன். ஒரு தோட்டா துள்ளி வந்து பொரித் தட்டில் விழுந்தது. சுடாத தோட்டா, சௌரி. முழுத் தோட்டா.

அடுத்த நிமிஷம் செயலாளர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்லவேளை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சொன்னது, "பூஜையில வச்சதைப் பறிக்கிறீங்களே, என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்கீங்க? யார் முன்னால நிக்கிறோம்னு தெரியுமா?" என்பதுதான்.

மறுநாள் மெமோ வந்தது. பூஜை செய்யப்பட்ட ஆயுதத்தைப் பலவந்தமாகப் பறித்தேனாம், அதன் புனிதத்தைக் கெடுத்தேனாம், செயலாளரை மாணவர்கள் முன்னால் அவமதித்தேனாம். ஒரு பக்கம் முழுக்க டைப் அடித்திருக்கிறார்கள். அதில் தோட்டா என்ற சொல்லே இல்லை. தலைகீழாகப் பிடித்துத் தேடினாலும் கிடைக்காது. ஆசிரியர் அறையில் இன்னொரு பேச்சு ஓடுகிறது. நான் அவமானத்திலிருந்து தப்பிக்க என் சட்டைப் பையிலிருந்தே தோட்டாவை எடுத்துத் தட்டில் போட்டேனாம்! பதினோரு வருஷமாக அந்த அறையில் என்னோடு காபி குடித்தவர்கள் இதை ஒருவர் காதில் ஒருவர் ஓதுகிறார்கள், நான் உள்ளே போனால் கிரிக்கெட் பேசுகிறார்கள். மெமோவில் எழுதாத ஒரு காரணமும் இருக்கிறது. அது என் பெயர். அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

உன் கடிதத்தில், "நம்மவர்களுக்கு அந்த நாளில் மனம் புண்பட்டிருக்கும், நீ சற்று நிதானித்திருக்கலாம்" என்று ஒரு வரி. எந்த நம்மவர்கள், சௌரி? அதில் நான் எப்போது இல்லாமல் போனேன்? நிதானித்ததுதான் நான் செய்த பிழை. வந்தவுடனே பன்னிரண்டு போல்ட்டையும் திறந்திருந்தால் இந்த மெமோவும் இல்லை, அந்த ஐந்து நிமிஷமும் இல்லை. நல்லவேளையாக அதற்கு மேல் நிதானிக்கவில்லை.

நாம் பையன்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம்? மூன்று வாரம் தோட்டாவைக் கண்ணில் காட்டுவதில்லை. குழலின் மேல் ஒரு நயாபைசாவை வைத்து, காசு விழாமல் விசையை இழுக்கச் சொல்கிறோம். காலித் துப்பாக்கியானாலும் நிறைந்த துப்பாக்கி என்றே நினை, மண்மேட்டைத் தவிர எதன் மேலும் குழல் திரும்பக்கூடாது, யார் கொடுத்தாலும் முதலில் போல்ட்டைத் திற என்று தொண்டை வற்றக் கத்துகிறோம். யார் கொடுத்தாலும் என்றால் மந்திரி கொடுத்தாலும், சாமி கொடுத்தாலும் என்று நீதான் சேர்த்துச் சொல்வாய், பையன்கள் சிரிப்பார்கள். இப்போது திறந்தது தப்பு என்று நான் கையெழுத்துப் போட்டால், அடுத்த வாரம் அதே பையன்கள் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? போல்ட்டைத் திறப்பது பெரிய மனிதர்கள் இல்லாத நாளில் மட்டும் என்றா சொல்வேன்?

ஷரபுன்னிசாகூட நேற்றுக் கேட்டாள், "வேலைக்கு ஏதாவது வந்துடுமாங்க?" என்று. தீபாவளி வரும்போதெல்லாம் ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டிலிருந்து வருகிற பட்சணத்துக்கு அவள் இப்போதே தூக்குப் பாத்திரத்தைத் துலக்கி வைத்திருக்கிறாள். இந்தத் தடவை வருமோ வராதோ என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம். அதற்குக் காரணம் இனி நான் எழுதப்போவது. உட்கார்ந்து படி.

நான் அந்தக் கார்டில் விட்டது இதுதான். செயலாளர் நீட்டிய குழலுக்கு நேரே நின்றவன் உன் மகன் ராகவன். வரிசையில் மூன்றாவது ஆள். பத்தடி தூரம்கூட இல்லை. உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று எழுதவில்லை. அவன் அம்மா அரவிந்தவல்லிக்கும் தெரியாது. நீ இரண்டு வரி மன்னிப்பு என்று எழுதினாயே, அது எதற்கு மன்னிப்பு என்று இப்போது இன்னொரு தடவை யோசித்துப் பார்.

கோபத்தில் இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நேற்று நினைத்தேன். நிறுத்தினால் பாதி உண்மை ஆகிவிடும். மீதியையும் சொல்கிறேன்.

தட்டில் விழுந்த தோட்டாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கடியில் பார்த்தேன். அதன் விளிம்பில் ரைபிளின் சுடும் ஊசி குத்திய தழும்பு இருந்தது. முன்பே ஒரு தடவை சுடப் பார்த்து, பற்றாமல் போன தோட்டா. பூஜைக்கு முந்தைய ஞாயிறு, பாறையடி ரேஞ்சில் சுடும் பயிற்சியின்போது, ஒரே ஒரு பையனுக்குத்தான் ஐந்தில் ஒன்று பற்றவில்லை. அவன் சுட்டது ஏழாம் நம்பர் ரைபிள். செயலாளர் கையில் இருந்ததும் ஏழாம் நம்பர்தான். யாரென்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் போய்க் கேட்கவில்லை. அவன் வருகிறானா என்று காத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டுகிற மழையில் காவேரிப் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வந்தான். வாசலில் சொட்டச் சொட்ட நின்றான். ஷரபுன்னிசா கொடுத்த துண்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நான்தான் சார் போட்டேன்" என்றான். ராகவன்தான், சௌரி. உன் ராகவன்தான்.

ஏன் என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு அறையவும் தோன்றியது, வேறு என்னவோவும் தோன்றியது. "மறுநாள் விஜயதசமிக்குப் பெருமாளே அம்பு போடக் காட்டழகிய சிங்கர் கோயிலுக்குப் புறப்படறார் சார். வெறும் வில்லை மட்டும் வச்சு யாராவது பூஜை பண்ணுவாளா? சென்னைப் போட்டிக்கு நான் சுடப்போற துப்பாக்கி. நிறைவா இருக்கட்டும்னு வச்சேன். அது பத்தாத தோட்டாதானே, செத்துப் போனதுன்னு நினைச்சேன். காலம்பற மறுபூஜை ஆனதும் எடுத்துடலாம்னு இருந்தேன்" என்றான். செயலாளர் சொல்லிப் போல்ட்டை மூடிய பையன்களில் அவனும் ஒருவன், பையில் வைத்திருந்த அந்தத் தோட்டாவை மூடும்போது உள்ளே வைத்துவிட்டான். பற்றாத தோட்டா செத்த தோட்டா இல்லை, இன்னொரு குத்தில் வெடிக்கும் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பரீட்சையில் கேட்டால் எழுதுவான். பக்தி வந்ததும் படிப்பு போய்விட்டது.

அதைவிட அவனை அரிக்கிறது வேறொன்று. குழல் தன்னைப் பார்த்துத் திரும்பியபோது அவன் ஒருவனுக்குத்தான் உள்ளே தோட்டா இருப்பது தெரியும். "கத்தணும்னு நினைச்சேன் சார், வாயே வரலை" என்றான். பக்கத்தில் நின்ற பையனுக்குப் பட்டிருந்தால் என்று சொல்ல வந்து, முடிக்காமல் அழுதான். அன்றையிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. காய்ச்சல் வரப்போகிறது என்று அரவிந்தவல்லி மிளகு கஷாயம் போட்டுக் கொடுக்கிறாளாம்.

திட்டினேன். அவன் வாழ்நாளில் அப்படித் திட்டு வாங்கியிருக்க மாட்டான். ஷரபுன்னிசா உள்ளேயிருந்து வந்து என்னைத் தடுக்கிற அளவுக்குத் திட்டினேன். பிறகு சொன்னேன்: நான் உன்னைக் காட்டிக் கொடுக்கப் போவதில்லை, என்னைக் கேட்டால் மறைக்கப் போவதும் இல்லை. நீயே வந்து சொல்வதுதான் முறை. சொன்னால் உன்னைப் போட்டியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும், அதை நானே செய்வேன். அதற்குச் சம்மதமா என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை விசாரணைக்கு வந்து சொல்கிறேன் சார் என்றான். போகும்போது வாசற்படியில் நின்று, "அப்பாக்கு மட்டும் எப்படி சார் சொல்றது?" என்று கேட்டான். உனக்கு நானே எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இனி என் பங்கு. ஐந்து தோட்டா கொடுத்தால் ஐந்தையும் திருப்பி வாங்க வேண்டும், காலியானாலும், பற்றாததானாலும். அந்த ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ராகவன் நான்கு காலித் தோட்டாவைக் கொடுத்து, பற்றாதது மண்ணில் எங்கேயோ விழுந்துவிட்டது, தேடித் தருகிறேன் என்றான். சௌரி பிள்ளைதானே என்று நான் ரிஜிஸ்டரில் ஐந்து என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு எந்தப் பையனாக இருந்தாலும் மழையில் மண்டியிட்டுத் தேட வைத்திருப்பேன். ஆகவே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தோட்டாவைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கும், சாவியைக் கைமாற்றியதற்கும், வந்தவுடனே திறக்காமல் கூச்சப்பட்டு நின்றதற்கும். போல்ட்டைத் திறந்ததற்கு அதில் ஒரு வார்த்தை கிடையாது, நான் செத்து மய்யித்தாகக் கிடந்தாலும் அந்த வார்த்தையை என்னிடம் வாங்க முடியாது. அவர்கள் என்னை எடுத்தால் எடுக்கட்டும்.

எனக்காக நீ யாரையும் பார்க்க வேண்டாம், டில்லியில் யாரிடமும் சொல்ல வேண்டாம். ஒன்றே ஒன்று செய். இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வரும், எக்ஸ்பிரஸ் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன். அன்றைக்கே ராகவனுக்குக் கடிதம் போடு, சனிக்கிழமைக்குள் அவனிடம் சேர வேண்டும். தந்தி அடித்துவிடாதே, உத்தர வீதியில் தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தினாலே அரவிந்தவல்லிக்கு உயிர் போய்விடும். அவள் பெயருக்கு ஒரு கவரும் அவன் பெயருக்கு ஒரு கவருமாகத் தனித்தனியாக அனுப்பு.

அந்த அறையில் ஏழு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பதினேழு வயதுப் பையன் தனியாகப் போய், நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு வராத வாய் சனிக்கிழமை வர வேண்டும். அதற்கு அவன் சட்டைப் பையில் உன் கையெழுத்து இருந்தால் போதும்.

ஆண்டவன் உனக்கு நல்ல சுகத்தையும், உன் மகனுக்கு நீண்ட ஆயுளையும் கொடுக்கட்டும். பத்தடி தூரத்தில் ஒரு தடவை கொடுத்துவிட்டான், இன்னும் கொடுப்பான். உனக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். எவ்வளவு வந்தாலும் அதைத் தனிக் கவரில் போட்டு பாலக்கரைக்கு அனுப்பு, நான் வாங்கிக்கொள்கிறேன். அவனை நான் போதுமான அளவு திட்டிவிட்டேன். நீ அவனுக்கு வேறு ஏதாவது எழுது.

என்றும் உன்,
அப்துல் சலாம்